ஊதா மூடி

அரை மில்லி ரத்தம் என்பது ஒரு டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு. செம்பாக்கத்துக் கொசுக்கள் மனது வைத்தால் ஒரே சாயங்காலத்தில் குடித்துத் தீர்த்துவிடும். அந்த அரை மில்லியை எங்கிருந்து எடுத்து எங்கே ஊற்றினோம் என்று நினைத்துத்தான் காரின் பின்சீட்டில் விஷ்ணுப்ரியாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓட்டுவது அவள் கணவன் நிகில். அவன் பக்கத்தில் மாமனார் சுப்ரமணியன். பின்னால் ப்ரியாவை ஒட்டி மாமியார் காமு. மருமகளின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் காமு அவள் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

"நீ மட்டும் இந்த டெஸ்டையும் சேர்த்து எடுக்கணும்னு சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும், ப்ரியா" என்றாள் காமு. "எனக்கு என்ன தெரியும் சோடியமும் பொட்டாசியமும். நீதான் காப்பாத்தினே."

ப்ரியாவுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முடியவில்லை.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் வருகிறவர்களுக்குக் காமுவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ப்ரியா லேப் டெக்னீஷியன் படித்தவள். 'ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொட்டுட்டு வந்து என் அடுக்களையில கை வைக்கக் கூடாது' என்று கல்யாணமான மறு வாரமே காமு அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். இரண்டு வருஷம் அந்த இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில் துணி உலர்த்தி, துணி மடித்து, ப்ரியாவுக்குத் தன் படிப்பே மறந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. கடைசியில் போன மாதம்தான் காமு ஒரு வழியாகத் தலையசைத்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை. வேலையால் வீட்டுக்கு ஒரு குறை வந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

சேலையூரில் லேப். மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இருபத்திரண்டு நாள்.

சரி, காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சுப்ரமணியனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஹெர்னியா ஆபரேஷன். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே டெக்னீஷியன் இருக்கும்போது லேபில் போய் வரிசையில் நிற்பானேன் என்று நிகில்தான் ஆரம்பித்து வைத்தான். சோடியம், பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றது ப்ரியா. காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு சுப்ரமணியனைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார்கள். டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். ஊசி என்றால் மட்டும் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஒரே குத்துதான் மாமா" என்று ப்ரியா வாக்குக் கொடுத்தாள். அதுதான் அன்றைய முதல் தப்பு.

நரம்பு நழுவியது. கிடைத்த பிறகும் ரத்தம் வர மறுத்தது. சிரிஞ்சில் மூன்று மில்லிகூட ஏறவில்லை. ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மில்லி ஊற்றினாள். அது ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. மஞ்சள் மூடிக் குழாய்க்கு மிச்சமிருந்தது அடிமட்டம்கூட நனையாத அளவு. சிறுநீரகம், சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அந்த மஞ்சள் மூடியில்தான் பார்க்க வேண்டும்.

அதற்குள் சுப்ரமணியன் பஞ்சை அழுத்திக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டார். காமு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவைன்னு சொன்னே, முடிஞ்சுதுல்ல" என்றாள்.

லேபில் எதிரே போலீஸ் இன்ஸ்பெக்டரே உட்கார்ந்திருந்தாலும் 'இன்னொரு கையை நீட்டுங்க சார்' என்று ப்ரியா சொல்லிவிடுவாள். சொந்த மாமனாரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. குழாய்களை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் திரும்பினாள். ஊதா மூடியைத் திறந்து அதிலிருந்து அரை மில்லியை மஞ்சளில் சாய்த்துவிட்டு இரண்டையும் மூடினாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

செய்யக் கூடாதது என்று தெரியும். படிப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் அது. ஊதா மூடிக் குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். அந்த மருந்தே ஒரு பொட்டாசிய உப்பு. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து முடக்கிப் போட்டுத்தான் உறையவிடாமல் வைக்கும். அதிலிருந்து ஒரு சொட்டு மஞ்சளுக்குள் போனால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைதட்டும். இத்தனையும் தெரிந்தவள்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் மாமியார் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. லேபில் போய்ப் பொறுப்பாளர் லோகநாதன் சாரிடம் சொல்லி, சாம்பிள் போதவில்லை என்று எழுதி வாங்கிவிடலாம், நாளைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் போய்க் கொடுத்தபோது லோகநாதன் வந்திருக்கவில்லை. போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பியவளுக்கு இட்லி, சட்னி, வாஷிங்மெஷின் என்று பொழுது ஓடிவிட்டது.

பத்தே முக்காலுக்கு லேபிலிருந்து போன் வந்தது. உயிருக்கு ஆபத்தான அளவு ஏதாவது வந்தால் உடனே வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. பதிவாகியிருந்தது காமுவின் நம்பர். பொட்டாசியம் எட்டரைக்குப் பக்கத்தில், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ப்ரியா மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் நிகில் கார் சாவியோடு வாசலில் நின்றான்.

காமுவின் போனுக்கு லேபிலிருந்து வந்திருந்த ரிப்போர்ட்டைக் காரில்தான் பார்த்தாள். பொட்டாசியம் 8.4. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய சமாசாரம். கால்சியம் 5.2. ஒன்பதுக்கு மேல் இருக்க வேண்டியது. சோடியம் 121. அதுவும் குறைச்சல்தான், 135 இருக்க வேண்டும். ஆனால் ப்ரியாவின் கண் அந்த வரியில் நிற்கவில்லை.

வீட்டுச் சாமான்களை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். சோடியம் கூடத்தில் கிடக்கிற சாமான். பொட்டாசியம் பீரோவுக்குள் பூட்டி வைக்கிற நகை. ரத்தம்தான் கூடம், உடம்பின் செல்கள்தான் பீரோ. நகையெல்லாம் கூடத்தில் இறைந்து கிடந்தால் வீட்டில் ஏதோ நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது என்று அர்த்தம். பொட்டாசியம் ரத்தத்தில் இவ்வளவு ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும். டாக்டர்கள் பதறுவது அதனால்தான்.

பொட்டாசியம் எட்டும் கால்சியம் ஐந்துமாக இருக்கிற மனிதர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "ஏசியைக் குறைடா" என்று இரண்டாம் தடவையாகச் சொல்லமாட்டார். ப்ரியாவுக்குச் சந்தேகமே இல்லை. இது மாமாவின் ரத்தம் சொல்கிற கணக்கில்லை, ஊதா மூடியின் கணக்கு.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் ஒரு ஆட்டோ கண்ணாடியை உரசிக்கொண்டு. நிகில் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான். இப்போதே சொல்லிவிடலாம். வண்டியைத் திருப்பு நிகில், தப்பு என்னுடையது என்று ஒரே வரி. காமு அவள் கையை இன்னும் இறுக்கினாள். சொன்ன மறு விநாடி இந்தக் கை என்ன செய்யும் என்று ப்ரியாவுக்குத் தெரியும். தெரிந்ததால் வாய் ஒட்டிக்கொண்டது.

சந்திப்பைத் தாண்டி ஐந்தாவது கட்டிடம் நர்சிங் ஹோம். அவசரப் பிரிவில் டாக்டர் ரூக்சார் இருந்தாள். படித்து முடித்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. ஆனால் கையில் தடுமாற்றம் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே சுப்ரமணியனைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தாள். லேசாக ஒரு மாற்றம் தெரிகிறது, பழையதா புதியதா என்று சொல்ல முடியவில்லை என்றாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சோடியம் பொட்டாசியம் பார்க்கிற மெஷின் அங்கே இல்லை. பைக்கில் ஆள் கொண்டு போய்ச் சேலையூரில் கொடுக்க வேண்டும். ப்ரியாவின் லேபுக்கேதான். ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் நிகிலிடம் தெளிவாகச் சொன்னாள். முதலில் இதயத்துக்குப் பாதுகாப்பாகக் கால்சியம் ஊசி, பத்து நிமிஷம் மெதுவாக. அப்புறம் குளுக்கோஸ் தண்ணீரோடு இன்சுலின். இன்சுலின் பொட்டாசியத்தைப் பிடித்து செல்லுக்குள் தள்ளும்.

இறைந்த நகையைப் பீரோவுக்குள் தள்ளுகிற வைத்தியம். நகை இறையவே இல்லை என்றால்? கூடத்தில் இருக்க வேண்டிய கொஞ்சமும் உள்ளே போய்விடும். பொட்டாசியம் அதிகமானாலும் ஆபத்து, தேவைக்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து. இரண்டிலும் தாளம் தப்புவது இதயம்தான்.

ப்ரியா கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படி வளைவில் நின்று லோகநாதனுக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னாமா பண்ணி வெச்சிருக்கே" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சரி, நடந்தது நடந்துச்சு. நீ வாயத் தொறக்காத. ரிப்பீட் சாம்பிள் இங்கதான் வந்துகினு கீது. நார்மல்னு வரும். மருந்துல எறங்கிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. மேட்டர் ஓவர்."

"நார்மலா இருக்கறவருக்கு இன்சுலின் போட்டா என்ன சார் ஆகும்?"

"கொஞ்சம் எறங்கும். ஆஸ்பத்திரிலதான கீறாரு, பாத்துக்க மாட்டாங்களா? அடுத்த வாரம் நமக்கு இன்ஸ்பெக்‌ஷன் கீதுமா. நீ உளறிட்டேன்னு வெச்சுக்க, உன் வேலை மட்டும் போவாது. பேஜாராயிடும்."

போனை வைத்துவிட்டார். ப்ரியா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை, அதுதான் கொடுமை. சும்மா இருந்தால் போதும். ரிசல்ட் நார்மல் என்று வரும், மாமா பிழைத்தார் என்பார்கள், பிழைக்க வைத்தவள் மருமகள் என்பார்கள். வேலையும் நிற்கும், பேரும் நிற்கும். மாமாவின் இதயம் மட்டும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தபோது காமு பெஞ்சில் உட்கார்ந்து தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "என் மருமக கண்டுபிடிச்சாடி" என்று அவள் சொன்னது ப்ரியாவின் காதில் விழுந்தது. 'நிகிலோட பொண்டாட்டி' என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்வாள். போனை வைத்துவிட்டு ப்ரியாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். திருநீர்மலை ஏறி ரங்கநாதரைச் சேவிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், உன்னையும் கூட்டிக்கொண்டுதான் ஏறுவேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

இரண்டு வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்கினாள் ப்ரியா. அது கிடைத்த நாளைப் பாருங்கள். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது. கால்சியம் முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றான் நர்ஸ் ஜேசன். "இன்சுலின் பத்து யூனிட் எடுத்துக்கினேன் மேடம், குளுக்கோஸ் மாட்டிடவா?" என்றான். திரை இடுக்கில் அவன் முதுகு தெரிந்தது. கம்பத்தில் பாட்டில் ஏறியது. சுப்ரமணியன் மேற்கூரை மின்விசிறியைப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். இந்தக் கையைத்தான் காலையில் இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்பட்டாள்.

ப்ரியா எழுந்துவிட்டாள். காமு பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு திரையைத் தள்ளினாள்.

"நிறுத்துங்க டாக்டர். அந்த ரிப்போர்ட் தப்பு. அவருக்குப் பொட்டாசியம் ஏறல."

ஜேசனின் கை அப்படியே நின்றது. டாக்டர் ரூக்சார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். யார் நீங்கள், எப்படித் தெரியும் என்று கேட்டாள். ப்ரியா சொன்னாள். ஊதா மூடியைத் திறந்தது, அரை மில்லி, வாஷ்பேசின், எல்லாம். சொல்லும்போது நிகில் பின்னால் வந்து நிற்பதும், காமு அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் சொல்லி முடித்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்துக் கால்சியம் வரியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தானும் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்ற கோபமும் அந்த முகத்தில் இருந்தது. குளுக்கோஸைக் கழற்றச் சொன்னாள். ரிப்பீட் வரும்வரை ஒன்றும் போட வேண்டாம், மானிட்டரில் கண் வைத்துக்கொள் என்று ஜேசனிடம் சொல்லிவிட்டு ப்ரியா பக்கம் திரும்பினாள்.

"இருபது நிமிஷம் முன்னாடி கால்சியம் ஏத்தினேன். அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளியில பெஞ்ச்லதான் இருந்தேன்" என்றாள் ப்ரியா.

காமுவுக்கு ஊதாவும் மஞ்சளும் விளங்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, இவள்தான் ரத்தத்தை மாற்றி ஊற்றிவிட்டாள் என்று நிகில் சுருக்கமாகச் சொன்னான். காமு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கார்ல உன் கையைப் பிடிச்சுட்டு வந்தேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேண்டாம்."

பால்காரனிடம் அரை லிட்டர் குறைத்துப் போடு என்று சொல்கிற குரலில் சொன்னாள். கத்தியிருந்தால்கூட ப்ரியாவுக்குப் பதில் சொல்லத் தெம்பு வந்திருக்கும். நிகிலைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு நாளோடு கணக்கு முடிந்தது. மறுபடியும் அந்தப் பால்கனி, அந்தத் துணிக்கொடி. ஒரு தப்புக்கு ஆயுள் தண்டனையா என்று உள்ளே எரிந்தது. கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

ஒன்றே காலுக்கு ரிப்பீட் ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 4.3. கால்சியம் 9.1. எல்லாரும் மூச்சுவிட்டார்கள், டாக்டர் ரூக்சாரைத் தவிர. அவள் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சோடியம் 119. காலையில எடுத்ததுல 121. குழாய் மருந்து பொட்டாசியத்தையும் கால்சியத்தையும்தான் கெடுக்கும். சோடியத்தைத் தொடாது. அது நிஜமாவே குறைஞ்சிருக்கு. பொட்டாசியத்தைப் பார்த்த பயத்துல நாம யாருமே அந்த வரியைப் பார்க்கல."

ப்ரியாவுக்குச் சுருக்கென்றது. பார்த்தாள். காரிலேயே பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மறதி உண்டா? நிகில் யோசித்தான். இரண்டு வாரமாக ஆபரேஷன் என்றைக்கு என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறார், பயத்தில் கேட்கிறார் என்று நினைத்தோம் என்றான். நடக்கும்போது தடுமாறுகிறாரா? போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் மாத்திரைப் பெயரைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினாள். உப்பைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிற மாத்திரை அது. தண்ணீர்? யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துத் தினம் நாலு லிட்டர் குடிக்கிறார். ரத்தத்தில் உப்பு இப்படி இறங்கினால் மூளை நீர் கோத்து வீங்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும் என்றாள் டாக்டர். ஏற்றுவதையும் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது, நாளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் ஏற்ற வேண்டும். நல்ல வேளை அந்த குளுக்கோஸ் தண்ணீர் போகவில்லை, போயிருந்தால் இருக்கிற சோடியமும் இறங்கியிருக்கும் என்று அவள் சொன்னபோது நிகில் ஒரு தடவை ப்ரியாவைப் பார்த்தான்.

"சாப்பாட்டுல உப்பு போடறீங்கல்ல?" என்று டாக்டர் காமுவைக் கேட்டாள்.

"எல்லாருக்கும் போடற மாதிரிதான் டாக்டர்" என்றாள் காமு.

ப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அப்பட்டமான பொய். நாலு மாதத்துக்கு முன்னால் பிரஷர் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பானேன், நிறுத்தியே விடலாம் என்று காமு முடிவு செய்தாள். அன்றிலிருந்து மாமாவுக்குத் தனிப் பாத்திரம், தனிக் குழம்பு, ஒரு கல் உப்பு கிடையாது. மற்றவர்கள் தட்டிலிருந்து அப்பளத்தைக்கூட அவர் எடுக்கவிடமாட்டாள். நிகில் வீட்டில் தான் ஆபீஸ் வேலை பார்க்கிற அறையிலேயே தட்டோடு உட்கார்ந்துவிடுவதால் அவனுக்கு இது தெரியாது. அந்தப் பாத்திரத்தை ப்ரியா தொட்டதே இல்லை, தொடவிட்டதில்லை. முப்பத்தெட்டு வருஷம் அந்த மனிதரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவள் காமு. தன் கையால்தான் இது நடந்தது என்று மகன் முன்னால் ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை.

டாக்டர் பேனாவை மூடினாள். உப்பு சரியாகச் சாப்பிட்டும் இவ்வளவு இறங்கியிருந்தால் விஷயம் வேறு, நுரையீரலில் தலையில் எங்கேயாவது கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும், வைத்தியமும் வேறு மாதிரி, பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே அனுப்புகிறேன் என்றாள். நிகிலின் முகம் வெளுத்தது. காமுவின் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. அது எப்படி வராமல் போகும் என்று ப்ரியாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் வெளியே பெஞ்சில் அவளே இருந்த இருப்பு அது.

டாக்டர் ரூக்சாருக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ப்ரியாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை லேட் பண்ணாதீங்க."

சொன்னால் தீர்ந்தது. நாளையிலேர்ந்து வேண்டாம் என்று சொன்ன வாயை ஒரே வரியில் அடைத்துவிடலாம். அந்த ஆசை ஒரு கணம் தித்தித்தது, மறைக்க வேண்டியதில்லை. காமு அவளைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உப்பில்லாமதான் டாக்டர் சாப்பிடறார்" என்றாள் ப்ரியா. "நாலு மாசமா ஒரு கல்கூட இல்ல. நல்லதுன்னு நினைச்சு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அப்படிச் சமைச்சோம்."

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம், காரணம் கிடைத்துவிட்டது, அந்த மாத்திரையை நிறுத்துகிறேன், ஐந்தாறு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். எழுதியதை எடுத்துக்கொண்டு ஜேசனைக் கூப்பிடப் போனாள்.

நிகில் திரையை இழுத்து மூடினான். இவ்வளவு நேரமும் பேசாத கோபமெல்லாம் அவன் முகத்தில் ஏறியிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியாது, விடு. நீ படிச்சவ. சோடியம்னா என்னன்னு தெரிஞ்சவ. தெரிஞ்சே நாலு மாசம் எங்கப்பாவுக்கு அந்தச் சாப்பாட்டைப் போட்டியா?"

ப்ரியா சொல்லி இனி யாரும் நம்பப் போவதில்லை. மாமியாரைப் பார்த்தாள். 'இவளுக்குச் சம்பந்தமில்லடா, நான்தான்' என்று மூன்றே வார்த்தை. அதற்காகக் காத்து நின்றாள்.

காமு புடவைத் தலைப்பால் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். வாயைத் திறக்கவே இல்லை.